பேஸ் கிட்டாரும் கீ அறிதலும்: மெல்லிசைக் குழு வாசிப்பு பற்றிய விமர்சனம்

பேஸ் கிட்டார், தாழ்ந்த ஸ்தாயியில் ஒலிக்கும் மின் தந்திக்கருவி. 1951-ல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் மூலம் இக்கருவி பரவலானது. வழக்கமான பேஸ் கிட்டாரில் ஈ, ஏ, டி, ஜி என நான்கு தந்திகள் உண்டு. அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே ஐந்து அரைச்சுர இடைவெளி உள்ளது. ஒரு பாடல் எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டு, எந்தச் சுரங்களின் தொகுதியில் அமைந்துள்ளது என்பதே மேலைநாட்டு இசையில் கீ எனப்படுகிறது. தமிழகத்தின் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிப்போர் இந்தக் கீயை எவ்வாறு புரிந்துகொள்கின்றனர், அதில் நிகழும் பிழைகள் எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சூழல்

தாம்பரம் – வேளச்சேரி சாலையில் அமைந்த ராஜகீழ்ப்பாக்கம், அதனை அடுத்த சேலையூர், செம்பாக்கம் ஆகியவை சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகள். 1937-ல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி இவற்றுக்கு அருகில் உள்ளது. கல்லூரி விழா, தேவாலய ஆராதனை, கோயில் திருவிழாக் கச்சேரி, திருமண வரவேற்பு என ஒரே இளைஞர் பல மேடைகளில் வாசிக்கும் வாய்ப்பு இத்தகைய புறநகர்களில் உண்டு. ஒவ்வொரு மேடையிலும் பாடகர் மாறுவார். பாடகர் மாறும்போது பாடலின் கீயும் மாறும். பேஸ் வாசிப்பவரின் அறிவு சோதிக்கப்படுவது அங்கேதான்.

சொற்குழப்பம்

குழுக்களில் ‘என்ன ஸ்கேல்?’ என்று கேட்பது வழக்கம். இந்த ஒரு சொல் ஆதார சுரத்தையும் சுரவரிசையையும் ஒருசேரக் குறிக்கிறது. கர்நாடக இசைப் பயிற்சி உள்ளவர்கள் அதையே கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஒரு கட்டை என்பது சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி, ஐந்தரைக் கட்டை ஜி ஷார்ப். கட்டை ஆதார ஸட்ஜத்தை மட்டுமே தெரிவிக்கும், மேஜரா மைனரா என்பதைத் தெரிவிக்காது. அதற்கு ராகம் அல்லது கார்டு தெரிய வேண்டும்.

இன்னொரு குழப்பம் கீபோர்டிலிருந்து வருவது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் உண்டு. இரண்டு அரைச்சுரம் ஏற்றி வைத்துக்கொண்டு வாசிப்பவர், தம் விரல் நிற்கும் இடத்தைப் பார்த்து ஜி மைனர் என்பார். ஒலிப்பதோ ஏ மைனர். கேப்போ பொருத்திய கிட்டார்காரரிடமும் இதே நிலைதான். பேஸ் கிட்டாரில் அந்தப் பொத்தான் இல்லை. சொன்ன பெயரை நம்பி வாசித்தால் முழுக்குழுவும் சுருதி பிசகியதாகத் தோன்றும். கேட்பவர்கள் பெரும்பாலும் பாடகர் அபசுரம் பாடுவதாகவே எண்ணுவர்.

ஒரு ஃப்ரெட் வேறுபாடு

பேஸ் வாசிப்பவர் மூலச்சுரத்தை மட்டும் வாசித்தால் போதும் என்பது பரவலான கருத்து. இது பாதி உண்மை. ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குச் செல்லும் வழிச்சுரங்களிலேயே கீ வெளிப்படுகிறது.

ஏ-வை ஆதாரமாகக் கொண்டால் நடபைரவி இயல்பான மைனர் வரிசைக்கும், கீரவாணி ஹார்மோனிக் மைனர் வரிசைக்கும் இணையானவை. இரண்டுக்கும் வேறுபாடு நிஷாதத்தில் மட்டுமே உள்ளது. நடபைரவியில் அது ஜி, கீரவாணியில் ஜி ஷார்ப். பேஸ் கிட்டாரின் ஈ தந்தியில் இவை மூன்றாவது, நான்காவது ஃப்ரெட்டுகள். இளையராஜா இசையமைத்த ‘ராஜ ராஜ சோழன் நான்’ (ரெட்டைவால் குருவி, 1987) கீரவாணியில் அமைந்தது. ‘என் இனிய பொன் நிலாவே’ (மூடுபனி, 1980) நடபைரவியில் அமைந்ததாகக் கொள்ளப்படுகிறது. இரண்டையும் ‘மைனர் பாட்டு’ என ஒரே விரல் அமைப்பில் வாசிப்பவர், கீரவாணியில் ஸட்ஜத்தை நோக்கி இழுக்கும் அந்த நிஷாதத்தைத் தவறவிடுவார். ஒரு ஃப்ரெட் பிசகினால் ராகமே மாறிவிடும்.

தம்புராவும் பேஸும்

கர்நாடக இசையில் ஸட்ஜம் அசையாது, தம்புரா அதைக் காத்து நிற்கிறது. குழு இசையில் அடித்தளத்தைத் தாங்கும் பேஸ், தம்புராவைப் போலன்றி நகர்கிறது. மேலே சி, ஈ, ஜி ஆகிய மூன்று சுரங்கள் ஒலிக்கையில் கீழே சி வாசித்தால் அது சி மேஜர், ஏ வாசித்தால் ஏ மைனர் செவன்த். சங்கராபரணத்தின் தைவதத்தை ஸட்ஜமாகக் கொண்டால் நடபைரவி தோன்றும் என்ற கிரகபேத விதியும் இதே உறவைத்தான் சொல்கிறது. எது ஸட்ஜம் என்று கேட்பவரின் காதுக்கு உணர்த்துவதில் பேஸுக்குப் பெரும் பங்கு உண்டு.

இளையராஜாவின் பாடல்களில் இந்த ஆற்றல் முழுமையாகப் பயன்பட்டுள்ளது. அவர் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே இசைக்குறிப்பு எழுதித் தருபவர். அவரது குழுவில் நீண்டகாலம் பேஸ் வாசித்த சசிதரனின் வாசிப்பில், பேஸ் பாடலின் மெட்டுக்கு எதிர்மெட்டாக நடப்பதைக் கேட்கலாம். அந்த நடையை ஃப்ரெட் எண்களாக மட்டும் மனப்பாடம் செய்வோர், ஒலிப்பதிவின் கீயில் சரியாக வாசிப்பர். பாடகர் கீயை மாற்றக் கேட்டதும் தடுமாறுவர்.

கீ மாற்றத்தின் எல்லை

தந்திகளின் இடைவெளி சீரானது என்பதால் ஒரே விரல் அமைப்பை நகர்த்தினால் போதும் எனக் கற்பிக்கப்படுகிறது. இதுவும் முழுமையான உண்மையன்று. ஈ-யில் அமைந்த பாடல், திறந்த ஈ தந்தியின் கனத்தில் நிற்கிறது. அதை இரண்டு அரைச்சுரம் இறக்கினால் ஆதாரம் டி ஆகும். நான்கு தந்திக் கருவியில் வழக்கமான சுருதியமைப்பில் அந்தக் கீழ் டி இல்லை. ஏ தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டிலோ திறந்த டி தந்தியிலோ ஒரு ஸ்தாயி மேலே வாசிக்க வேண்டும். பாடல் இறங்குகையில் பேஸ் ஏறுகிறது, அடித்தளம் மெலிகிறது. கீழ் பி தந்தி சேர்ந்த ஐந்து தந்திக் கருவி இதற்குத் தீர்வு. அது இல்லாதபோது நடையையே புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். எந்தச் சுரம் பாடலைத் தாங்குகிறது என்று அறிந்தவருக்கே அது கைகூடும்.

மதிப்பீடு

காதால் கேட்டு வாசிக்கும் மரபு மெல்லிசைக் குழுக்களின் வலிமை. நினைவாற்றலும் தாளப் பிடிப்பும் அதிலிருந்தே வருகின்றன. கீயின் பெயரைத் தெரிந்துகொள்வதோடு பயிற்சி நின்றுவிடுவதே அதன் குறை. ஒரு பாடலை முதலில் ஸரிகம வரிசையில் பாடிப் பார்த்து, பிறகு குறைந்தது மூன்று சுருதிகளில் வாசித்துப் பழகினால் இக்குறை பெருமளவு நீங்கும். கர்நாடக இசையின் சுர அறிவு இதற்குத் தடையல்ல, துணையே. பாடகர் தமக்கு வசதியான கட்டையில் தயக்கமின்றிப் பாட முடிவதே பேஸ் வாசிப்பவரின் கீ அறிவுக்குச் சரியான அளவுகோல்.