ஜன்னல்

போன வாரம் பம்மலில் ஒரு கிளினிக். ஸ்ப்ளிட் ஏ.சி., மூடின ஜன்னல்கள், முறை வைத்து இருமும் பதினைந்து பேர். அந்த ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருமியதையே குளிரவைத்துத் திருப்பித் தரும். வாசலில் கடமைக்கு ஒரு சானிடைசர் பாட்டில், காலியாக.

பக்கத்தில் தாம்பரத்தில், 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்கு சானடோரியம் தொடங்கினார். மருந்தில்லாத காலம், நல்ல காற்றுதான் வைத்தியம். அது நோயைக் குணப்படுத்தியதோ இல்லையோ, அடுத்த படுக்கைக்காரரைக் கொஞ்சம் காப்பாற்றியிருக்கும்.

2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், கொரோனா காற்றில் பரவாது என்று அடித்துச் சொன்னது. நாம் தக்காளியைக் கழுவினோம், தெருவுக்கு மருந்தடித்தோம். காற்றிலும் பரவும் என்று அது தெளிவாகச் சொல்ல 2021 ஆகிவிட்டது.

நர்ஸிடம், "ஜன்னலைத் திறக்கலாமேம்மா" என்றேன்.

"கொசு வரும் சார்."

நியாயம்தான். வலை அடிக்கலாமே? உங்கள் டாக்டரிடமும் கேட்டுப் பாருங்கள்.