அரிக்கொம்பனுக்கு எந்த ஹைகோர்ட்?

குமுளியில் தமிழ்நாட்டுப் பேருந்தை விட்டு இறங்கி செக்போஸ்ட்டைத் தாண்ட இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தில் பேச்சு மாறுவதில்லை. டீக்கடையில் இரண்டு பக்கமும் தமிழ் கேட்கும். மாறுவது கோர்ட். இந்தப் பக்கம் ஒரு வழக்கு என்றால் மதுரைக் கிளை, அந்தப் பக்கம் என்றால் எர்ணாகுளம். விடிகாலையில் கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் தினமும் இரண்டு முறை ஓர் உயர் நீதிமன்றத்தின் எல்லையிலிருந்து இன்னொன்றின் எல்லைக்குப் போய் வருகிறார்கள். அது யாருக்கும் ஒரு பொருட்டாக இருந்ததில்லை, 2023-ல் ஒரு காட்டு யானை அதே எல்லையைக் குறுக்கே நடந்து காட்டும் வரை.

சின்னக்கானல், சாந்தன்பாறை வட்டாரத்தில் ரேஷன் கடைச் சுவரை இடித்து அரிசி தின்று பழகிய கொம்பன் அது. மலையாளத்தில் அரிக்கொம்பன், தேனிப் பக்கம் அரிசிக் கொம்பன். பன்னியாறு எஸ்டேட் ரேஷன் கடையை அது இடித்த தடவைகளை எண்ணியவர்களே கணக்கை விட்டுவிட்டார்கள். உயிர்ச்சேதமும் அதன் பெயரில் எழுதப்பட்டது. மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கோடநாடு முகாமுக்குக் கொண்டுபோய்க் கும்கியாக்குவது என்று கேரள வனத்துறை முடிவெடுத்தது. வயநாட்டிலிருந்து கும்கிகள் வந்து இறங்கின. மார்ச் கடைசி வாரம் நாள் குறித்தாயிற்று.

மார்ச் 23 இரவு எட்டு மணிக்குக் கேரள உயர் நீதிமன்றம் சிறப்பு அமர்வாகக் கூடியது. விலங்குநல அமைப்புகள் தொடுத்த பொதுநல வழக்கில் நீதிபதிகள் ஏ.கே. ஜெயசங்கரன் நம்பியார், பி. கோபிநாத் இருவரும் பிடிக்கும் வேலையை 29-ம் தேதி வரை நிறுத்தி வைத்தார்கள். ஒரு யானைக்காக ராத்திரியில் கோர்ட் திறந்ததை இடுக்கியில் பலர் கேலி செய்தார்கள்; தோட்டத் தொழிலாளி செத்தபோது எந்த கோர்ட் ராத்திரியில் திறந்தது என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், அந்த முதல் தடையில் குற்றம் காண்பது கடினம்.

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, மனிதருக்கு ஆபத்தான விலங்கைப் பிடிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் தருகிறது. கூடவே ஒரு கட்டும் போடுகிறது: பிடித்த விலங்கைத் திரும்பக் காட்டில் வாழவைக்க முடியாது என்று அவர் உறுதியாக நம்பினால்தான் அடைத்து வைக்கலாம், அந்தக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கேரளத்தில் அந்தச் சமயம் இந்தக் கட்டு தளர்ந்திருந்தது. இரண்டு மாதம் முன்புதான், ஜனவரி 22-ல், பாலக்காடு தோணியில் பி.டி.7 என்ற கொம்பனைப் பிடித்துக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள். ஊருக்குள் வரும் யானைக்கு முதல் மருந்தே கூண்டு என்று ஆகிக்கொண்டிருந்த நேரம். ‘கூண்டுக்கு முன் வேறு வழி யோசித்தீர்களா?’ என்று கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கோர்ட் கேட்டது. யானை வழித்தடத்தில் மக்களை ஏன் குடியேற்றினீர்கள் என்றும் அரசைக் கேட்டது. 2000-களின் தொடக்கத்தில் 301 ஆதிவாசிக் குடும்பங்களுக்கு நிலம் தரப்பட்ட ‘301 காலனி’ இருப்பது ஆனையிறங்கல் அணைக்குப் பக்கத்தில். ஆனை இறங்கும் இடம் என்று ஊர்ப் பெயரே சொல்கிறது. பட்டா எழுதியவர் கண்ணில் அது படவில்லை போலும்.

இதுவரை நடந்தது நீதிமன்றம் செய்யத் தெரிந்த வேலை. நிர்வாகம் ஒரு முடிவெடுத்தால், எந்தச் சட்டத்தின் கீழ், என்ன காரணத்துக்காக என்று கேட்டு, பதில் வரும் வரை கையைப் பிடிப்பது. இதை இடுக்கியில் கோர்ட் அன்றைய ஆளும்கட்சியிடமே செய்து காட்டியிருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22-ல் சாந்தன்பாறையில் மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகக் கட்டுமானத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. உத்தரவு வந்த ராத்திரியும் வேலை நடந்தது என்று தெரிந்ததும், நீதிமன்றம் தானாகவே அவமதிப்பு நடவடிக்கையில் இறங்கியது. தாசில்தாரோ கலெக்டரோ ஆளும்கட்சி அலுவலக வாசலில் போய் நிறுத்தென்று சொல்லிவிட முடியுமா? இந்த மலையில் அந்தத் தைரியம் எர்ணாகுளத்திலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

சிக்கல் அடுத்த படியில். மார்ச் 29-ல் நீதிமன்றம் ஐந்து பேர் கொண்ட நிபுணர் குழுவை அமைத்தது. யானையியல் தெரிந்தவர்கள், கால்நடை மருத்துவர், வனத்துறை அதிகாரிகள், வழக்கறிஞர். அதைக் கண்டித்து இடுக்கியில் பல பஞ்சாயத்துகள் ஹர்த்தால் நடத்தின. ஏப்ரல் 5-ல் குழுவின் பரிந்துரையை ஏற்று, ரேடியோ காலர் கட்டி யானையைப் பறம்பிக்குளத்தில் விடும்படி உத்தரவானது. பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம். ‘பிடிக்காதே’ என்று சொன்ன நீதிமன்றம் ‘இங்கே கொண்டுபோய் விடு’ என்றும் சொல்லிவிட்டது. தடுப்பது ஒரு வேலை, இடம் குறிப்பது வேறு வேலை. முதலாவதற்குச் சட்டப் புத்தகம் போதும். இரண்டாவதற்கு அந்த இடத்தில் குடியிருப்பவரின் வாய்ச்சொல் வேண்டும்.

பறம்பிக்குளம் பகுதியின் முதலமடைக்காரர்களுக்கு இந்தச் செய்தி தீர்ப்பாகத்தான் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வழக்கில் இல்லை. கிராமத்தில் ஒரு வரப்புத் தகராறு முன்சீப் கோர்ட்டுக்குப் போனால், பக்கத்து வயல்காரனைப் பிரதிவாதியாகச் சேர்க்காமல் அவன் நிலத்தைப் பற்றித் தீர்ப்பு வாங்க முடியாது. சேர்க்க வேண்டிய தரப்பைச் சேர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வழக்கு தள்ளுபடியாகும். அரை சென்ட் நிலத்துக்கு இவ்வளவு கறாராக இருக்கிற நீதிமுறை, பொதுநல வழக்கு என்று வந்ததும் அந்தக் கறாரைக் கழற்றி வைத்துவிடுகிறது. ஏழைக்கும் வாயில்லா ஜீவனுக்கும் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று கதவைத் திறந்தது பெரிய காரியம்தான். ஆனால் திறந்த கதவு வழியாக வழக்குப் போடுகிறவர் உள்ளே வர, தீர்ப்பைச் சுமக்கப் போகிறவர் வெளியே நிற்கிறார். முதலமடையில் மறியல் நடந்தது. நெம்மாறை எம்.எல்.ஏ. கே. பாபு மறுஆய்வு மனுவோடு கோர்ட்டுக்குப் போனார். அவர் அன்றைய ஆளும்கட்சிக்காரர் என்பது கதையின் சுவையான பகுதி.

கோர்ட் அசைந்து கொடுத்தது. ஆனால் விநோதமான வகையில். பறம்பிக்குளம் வேண்டாமென்றால் வேறு இடம் சொல்லுங்கள் என்று அரசைக் கேட்டது. அரசு உச்ச நீதிமன்றம் போய் ஏப்ரல் 17-ல் வெறுங்கையோடு திரும்பியது. பிறகு மாற்று இடங்களின் பெயர் மூடிய உறையில் நிபுணர் குழுவுக்குப் போயிற்று. பெயர் வெளியே தெரிந்தால் அந்த ஊரும் மறியலில் உட்காரும் என்பது கணக்கு. நடைமுறைக்கு இது சமயோசிதம். நீதிமுறைக்கு? பறம்பிக்குளத்துக்குச் செய்தி தெரிந்தது, அதனால் தப்பித்தது. குமுளிக்குத் தெரியவில்லை, லாரி வந்தது. பாதிக்கப்படப் போகிறவரைக் கேட்டு முடிவெடுப்பது இயற்கை நீதியின் முதல் பாடம். இங்கே கேட்கவே கூடாது என்பது ஏற்பாடாகிவிட்டது.

ஏப்ரல் 29-ல் சின்னக்கானலில் யானை மயக்க ஊசிக்கு வசப்பட்டது. அன்று இரவே மழையில் லாரி குமுளி வழியாகப் பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் போயிற்று. காட்டுவாசலில் பூசை வைத்து வரவேற்றார்கள். கோபம் அப்புறம்தான் வந்தது.

காப்பகத்தின் கிழக்கு விளிம்பில்தான் தமிழ்நாட்டின் மேகமலை. மே முதல் வாரத்திலேயே அரிக்கொம்பன் அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் தலைகாட்டியது. மேகமலைக்குச் சுற்றுலாப் பயணிகள் போகத் தடை வந்தது. மாதக் கடைசியில் குமுளிக்குப் பக்கத்தில் வந்து, மே 27 காலை கம்பம் தெருவில் ஓடியது. ஆட்டோ நசுங்கியது, 144 போட்டார்கள், இருசக்கர வாகனத்தில் வந்து யானையால் விழுந்து அடிபட்ட ஒருவர் சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்தார். எர்ணாகுளத்தில் நடந்த எந்த விசாரணையிலும் கம்பம் என்ற ஊர் ஒரு தரப்பாக இருக்கவில்லை. இருந்திருக்கவும் முடியாது. கேரள உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் செக்போஸ்ட்டோடு முடிகிறது. அதன் உத்தரவின் விளைவு மட்டும் மலையிறங்கி லோயர் கேம்ப் தாண்டிப் போயிற்று.

யானையைக் கேரளத்துக்கே மீட்டுத் தரச் சொல்லி ட்வென்டி20 கட்சித் தலைவர் சாபு ஜேக்கப் கேரள உயர் நீதிமன்றம் போனார். யானை இப்போது தமிழ்நாட்டில் இருக்கிறது, அதற்கு இங்கே எதற்கு வந்தீர்கள் என்ற பாணியில் கோர்ட் அவரைக் கடிந்துகொண்டது. சட்டப்படி சரி. ஆனால் எல்லைக்கோடு இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, யானை கோட்டைத் தாண்டிய பிறகுதான். எல்லையோரத்தில் விட உத்தரவு வாங்கியபோது தமிழ்நாட்டு வனத்துறையை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன?

ஜூன் 5 அதிகாலையில் தமிழ்நாட்டு வனத்துறை யானையைப் பிடித்தது. எர்ணாகுளத்துப் பெண் ஒருவர் மதுரைக் கிளையில் மனுப் போட்டிருந்தார். சற்று நேரம் தயக்கம் இருந்தது. யானை லாரியில் வெயிலில் நின்றது. கடைசியில் மதுரை, எங்கே விடுவது என்பதை வனத்துறையின் பொறுப்பிலேயே விட்டது. களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தில் மேல் கோதையாறு பக்கம் அது இறக்கிவிடப்பட்டது. ஒரே யானை, ஒரே கேள்வி, இரண்டு ஹைகோர்ட், இரண்டு குணம். மதுரை செய்தது எளிதான வேலை என்று சொல்லலாம். கழற்றிக்கொண்டது என்றும் சொல்லலாம். ஆனால் பொறுப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. யானை செப்டம்பரில் மாஞ்சோலை நாலுமுக்கு எஸ்டேட் பக்கம் வந்தபோது, யாரைக் கேட்பது என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது. பெரியாரில் விட்டதற்கு யாரைக் கேட்பது? அமைச்சர் கோர்ட்டைக் காட்டுவார், கோர்ட் குழுவைக் காட்டும், குழு அறிக்கையைக் காட்டும்.

இதனால் அதிகம் பயனடைந்தது அரசுதான் என்று தோன்றுகிறது. இடுக்கியில் ஓட்டுப் போடுகிறவரிடம் ‘நாங்கள் பிடிக்கத்தான் பார்த்தோம், கோர்ட் விடவில்லை’. பாலக்காட்டில் ‘கோர்ட் அனுப்பப் பார்த்தது, நாங்கள் தடுத்தோம்’. கசப்பான முடிவை எடுக்க ஓர் ஆள் கிடைத்தால் எந்த மந்திரி வேண்டாம் என்பார்?

அரிக்கொம்பனைப் பிடிக்கத் தடை போட்ட அதே இரு நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் கேரளத்தின் திருவிழா யானைகளுக்கு வழிகாட்டு நெறிகள் வகுத்தது. இரண்டு யானைகளுக்கு இடையே மூன்று மீட்டர், யானைக்கும் ஜனத்துக்கும் எட்டு மீட்டர். வெயிலில் சங்கிலியோடு மணிக்கணக்கில் நிற்கும் யானையைப் பார்த்தவர் யாரும் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் திருச்சூர் தேவஸ்வங்கள் உச்ச நீதிமன்றம் போய், டிசம்பர் 19-ல் தடை வாங்கிவிட்டன. விதி வகுக்கும் இடத்தில் உயர் நீதிமன்றம் போய் உட்கார முடியாது என்பது அங்கே எழுந்த ஆட்சேபம். அரசை மீட்டர் கணக்கோடு ஒழுங்கான விதி போட வைத்திருந்தால் அது இன்னும் நின்றிருக்கும். கோர்ட்டே அளவுகோலை எடுத்ததால் நெறியும் போயிற்று, யானைக்குக் கிடைக்கவிருந்த நிழலும் போயிற்று.

சின்னக்கானலில் அரிக்கொம்பன் இல்லை. சக்கக்கொம்பன் இருக்கிறது, பலாப்பழத்துக்குப் பேர் வாங்கிய யானை. அரிக்கொம்பன் போன அடுத்த ஆண்டே பன்னியாறு ரேஷன் கடைச் சுவரை அது வந்து இடித்தது. யானை வழியில் மக்களை ஏன் குடியேற்றினீர்கள் என்று 2023 மார்ச்சில் நீதிமன்றம் கேட்ட கேள்வி கோப்பில் இருக்கிறது. ஆனையிறங்கலில் 301 காலனியும் அங்கேயே இருக்கிறது.