வலை விற்பவரும் வலை வீசுபவரும்

மட்டக்களப்பைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாடும் மீனிலிருந்தே தொடங்குவர். எமர்சன் டெனன்ற் 1859 இல் வெளியிட்ட தமது நூலில் அவ்விசையை விவரித்த காலந்தொட்டு, நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியிற் சென்று செவிசாய்ப்பது கலையுள்ளத்தின் அடையாளமாகவே மதிக்கப்பட்டு வந்துள்ளது. மீனின் குரலைக் கேட்க இத்துணை ஆவல் காட்டும் நமது சமுதாயம், அம்மீனைப் பிடித்து வாழும் மனிதரின் குரலுக்கு எவ்வளவு செவிசாய்க்கிறது? விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அவர் நூலும் வலையும் ஈயக்குண்டும் வாங்குகின்ற கடைக்குச் சென்றாலே போதும்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வீச்சு வலையையும் சிறு தோணியையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. இறாலுக்கு வேண்டிய வலைக்கண் வேறு; நண்டுக்கு வேண்டியது வேறு. மாரி வெள்ளம் பெருகி முகத்துவாரம் திறக்கும் காலத்து நீரோட்டத்திற்கேற்ற ஈயத்தின் கனம் வேறு. கச்சான் காற்றுக்காலத்துக் கலங்கிய நீருக்கேற்ற கனம் வேறு. இவற்றையெல்லாம் விரலாலும் தோளாலும் அறிந்தவர் தொழிலாளி. வலையை விரித்து, முடிச்சை இழுத்து, கண்ணை விரலால் அளந்து பார்த்த பின்னரே அவர் விலை பேசுவார். தமது உழைப்பின் கருவியைத் தேர்ந்தெடுப்பவர் செய்யவேண்டிய சோதனை அது.

ஆனால் கடையில் நிகழ்வது யாது? சப்பாத்தணிந்து வந்து, கண்ணாடி அலுமாரியிலுள்ள தூண்டில் தடியையும் றீலையும் நோக்குபவருக்கு, "சேர், இருங்க" என்று கதிரை இழுத்துப் போடப்படுகிறது. அவர் எதுவும் வாங்காது சென்றாலும் முகமலர்ச்சி குறைவதில்லை. ஈரச் சாரத்தோடு வந்து நிற்கும் முதியவருக்கோ, "என்ன வேணும், கெதியாச் சொல்லு" என்பதே வரவேற்பு. வலையைத் தொட்டுப் பார்த்தால், "வாங்கிறதெண்டாத் தொடு" என்று அதட்டல். நூலின் தடிப்பைப் பற்றி வினவினால் விடையில்லை. விடை தெரியாமை குற்றமன்று. தெரியாததை அதட்டலால் மறைப்பதே குற்றம். எல்லாக் கடைகளும் இவ்வாறே என்று நாம் கூறவில்லை. எனினும் கரையோரத்து மக்களோடு பழகிய எவரும் இதனை அரிதான காட்சி எனக் கொள்ளமாட்டார்.

இம்மேட்டிமையைத் தனிமனிதரின் குணக்கேடாக மட்டும் கொள்வது மேலோட்டமான நோக்காகும். இதற்கு வேர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று காலனித்துவம் விட்டுச்சென்ற மதிப்பீடு. ஐசாக் வால்டன் 1653 இல் தூண்டிற் கலையைப் பற்றி நூல் எழுதிய நாட்டில், பிற்காலத்தில் அது கனவான்களின் நுண்கலையாக வளர்ந்தது. செயற்கை ஈ நீரின்மேல் மிதக்கவேண்டுமா, அமிழலாமா என்பதில், 1886 இல் எழுதிய ஹல்போர்டின் வழிவந்தோரும் 1910 இல் எழுதிய ஸ்கியூசின் வழிவந்தோரும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். அம்மரபை இலங்கைக்குக் கொண்டுவந்த தோட்டத் துரைமார், நுவரெலியாவின் ஓடைகளில் திறௌட் மீனை வளர்த்து, 1896 இல் தமக்கெனக் கழகமும் அமைத்தனர். பொழுதுபோக்கிற்கு மீன் பிடிப்பது பண்பாடு, வயிற்றுக்குப் பிடிப்பது இழிவு என்னும் தரப்பாகுபாடு இவ்வாறே ஊன்றப்பட்டது. துரைமார் போய்விட்டனர், அவர்களது தரப்பாகுபாடு கண்ணாடி அலுமாரிக்குள் இன்றும் இருக்கிறது.

மற்றொரு வேர் நம்முடையது. மீன்பிடித்தொழில் தாழ்ந்ததென்னும் சாதிய எண்ணத்தை அந்நியர்மேற் சுமத்தி நாம் தப்பிவிட முடியாது. ஈண்டு ஓர் உண்மையைச் சிந்தித்தல் தகும். கேரளக் கரையில் மீனவரைக் குறிக்கும் முக்குவர் என்னும் பெயர், மட்டக்களப்பில் நெடுங்காலம் வயலும் அதிகாரமும் உடையோரைக் குறித்து வந்துள்ளது. பெயர் ஒன்றே, நிலம் கைக்கு வந்தவிடத்து மதிப்பும் உடன் வந்தது. ஆகவே இழிவு தொழிலின் இயல்பிலன்று, உடைமையின்மையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெளிவாகும்.

உடைமையின்மை கடனாக மாறும்போது அவமதிப்புக்கு நிரந்தர இடம் கிடைக்கிறது. ரொக்கம் கொடுப்பவர் முகஞ்சுளித்து அடுத்த கடைக்குச் செல்லலாம். சென்ற மாதத்து வலைக்குப் பாக்கி வைத்திருப்பவர் எங்கே செல்வார்? அவர் பெயர் கொப்பியில் இருக்கிறது. வாடிக்கையாளர் என்னும் சொல்லுக்குள் இருக்கவேண்டிய தெரிவு என்னும் பொருள் அங்கே இல்லாது போகிறது. தகழியின் 'செம்மீன்' 1962 இல் சுந்தர ராமசாமியின் தமிழாக்கமாக வெளிவந்தபோது, நம்மவர் பலர் அதிற் காதலையும் கடலம்மையையும் மட்டுமே கண்டனர். பரீக்குட்டியின் பணத்தால் தோணியும் வலையும் பெறும் செம்பன்குஞ்சுவின் பொருளியலே அக்கதையை நடத்துகிறது என்பதைச் சிலரே கவனித்தனர். மூதூர் தந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி', சொந்தத் தோணிக்காக ஏங்கும் மீனவ இளைஞனைக் காட்டிற்று. கருவியைப் பெறும் இடத்தில் மனிதர் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பதையும் அந்த நேர்மையோடு எழுதும் கடமை இன்றைய எழுத்தாளருக்கு எஞ்சியிருக்கிறது.

இது மனம் புண்படும் விடயம் மட்டுமன்று. சோறு பறிபோகும் விடயமுமாகும். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின் கீழான விதிகள் தங்கூசி வலையைத் தடைசெய்துள்ளன. எந்த வலை ஏற்புடையது, எது அன்று என்று வாங்குபவருக்கு விளக்கவேண்டியவர் விற்பவரே. வினவியவரை அதட்டி, கையிற் கிடைத்ததைக் கட்டிக் கொடுத்தனுப்பினால், நாளை வாவியிற் பறிமுதலாவது தொழிலாளியின் வலை. நீதிமன்றத்தில் நிற்பதும் அவரே. வலையின் விலை ஏற்கெனவே கல்லாப்பெட்டிக்குள் சேர்ந்துவிட்டது. பாவனையாளரைக் காக்க 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. எனினும் எதிர்த்துக் கேட்டால் கடன் நின்றுவிடும் என்று அஞ்சுபவருக்கு அச்சட்டம் எட்டாக் கனியே.

கடைக்காரரின் இடர்ப்பாட்டையும் மறைத்தல் நேர்மையாகாது. பலர் தாமும் மொத்த வியாபாரிக்குக் கடன்பட்டவரே. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிப் பொருட்களின் விலை தாறுமாறாக உயர்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. மீனவர் தொழிலுக்குச் செல்லாத நாளில் கடையின் பாக்கியும் வரவில்லை. இந்நெருக்கடி விலையை உயர்த்தியதை விளக்கும். கதிரை ஒருவருக்கும் அதட்டல் மற்றவருக்கும் உரியதானதை அது விளக்காது.

2004 டிசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலை நாவலடியை அழித்த பின்னர் நிகழ்ந்தவை இம்மனோபாவத்தின் பரந்த வடிவம் எனலாம். உதவி வழங்க வந்தோர் நல்லெண்ணத்தோடு வந்தனர். ஆயினும் நம் கிழக்குக் கரையெங்கும் தேவைக்கு மிஞ்சியும் தொழிலுக்குப் பொருந்தாதனவாகவும் படகுகள் வழங்கப்பட்டமை பின்னர் வெகுவாக விமர்சிக்கப்பட்டது. அதட்டும் கடைக்காரரும் அள்ளி வழங்கும் கொடையாளியும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர்: தொழிலாளியிடம் "உமக்கு எது வேண்டும்?" என்று கேட்க இருவருக்கும் தோன்றவில்லை.

மாற்று வழி புதியதன்று. 1844 இல் ரொச்டேல் நகரத்து நெசவாளர் தமது கடையைத் தாமே நடத்தத் தொடங்கினர். நமது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் வலையும் நூலும் நியாய விலைக்கும் தவணைக்கும் விற்கும் கடைகளை நடத்த இயலும். அங்கே விற்பனைக்கு நிற்பவர் வலை பின்னத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும். தடைசெய்யப்பட்ட வலைகளின் விவரம் தமிழில், சுவரில், பெரிய எழுத்தில் தொங்குதல் வேண்டும். கடன் கொப்பியின் படி வாங்கியவர் கையிலும் இருத்தல் வேண்டும். சங்கத்து எழுத்தரும் உத்தியோகத் தோரணை கொள்ளாவண்ணம் உறுப்பினர் கூட்டத்தில் அவரைக் கேள்வி கேட்கும் உரிமை நிலைநாட்டப்பட வேண்டும். இவை நிறைவேறும் வரை, கரையோரப் பாடசாலைகளில் படித்து வளர்ந்து பேனா பிடித்தோர் தம் தந்தையரோடு அக்கடைகளுக்குச் சென்று உடன் நின்று விடை கேட்பதற்கேனும் முன்வருவார்களாக.