ஜாஸ் சாக்சபோன் பழம்பதிவுகளும் ஒலிச் சீரமைப்பும்

பழைய இசைப்பதிவுகளை இன்றைய கருவிகளால் சீர்செய்து மீண்டும் வெளியிடும் பணி ரீமாஸ்டரிங் அல்லது ஒலிச் சீரமைப்பு எனப்படுகிறது. கோல்மன் ஹாக்கின்ஸ் (1904–1969), பென் வெப்ஸ்டர் (1909–1973), ஜான் கோல்ட்ரேன் (1926–1967) முதலிய அமெரிக்க ஜாஸ் சாக்சபோன் கலைஞர்களை இன்றைய தலைமுறை பெரும்பாலும் இத்தகைய பதிப்புகள் வழியாகவே அறிகிறது. ஆகவே, ஒரு பதிப்பு தெளிவாக ஒலிக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. காதில் விழுவது கலைஞரின் வாசிப்பா, பொறியாளரின் விருப்பமா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரைச்சலும் மூச்சும்

சாக்சபோனின் உடல் பித்தளையால் ஆனது. ஆனால் அதன் ஒலி பிறப்பது வாய்ப்பகுதியில் பொருத்தப்படும் நாணல் பட்டையில். நாகசுரத்தின் சீவாளியைப் போல வாசிப்பவரின் மூச்சால் அதிர்வது இது. சாக்சபோனில் ஒற்றைப் பட்டை என்பதே வேறுபாடு. சுரத்தோடு மூச்சின் ஓசையும் சேர்ந்தே வெளிவரும். மெதுவான பாடல்களில் பென் வெப்ஸ்டர் ஒரு சுரத்தை மெல்லத் தேயவிட்டு, கடைசியில் வெறும் மூச்சாக முடிப்பார். அதைக் குறை என்று கொள்ளலாகாது. அவருடைய பாணியே அதுதான்.

இங்குதான் சிக்கல் எழுகிறது. பழைய அரக்கு இசைத்தட்டுகளில் இரண்டு வகை இரைச்சல் உண்டு. கீறல், வெடிப்பு ஆகியவற்றால் வரும் ‘டிக்’ ஓசை கணநேரமே நீடிக்கும். அதை நீக்கினால் இசைக்குச் சேதம் குறைவு. ஊசி உரசுவதால் வரும் ‘உஸ்’ என்ற ஓசையோ தொடர்ந்து கேட்பது. நாணல் பட்டையின் கரகரப்பும் வாசிப்பவரின் மூச்சும் ஒலிக்கும் அதிர்வெண்களிலேயே அதுவும் பரவியிருக்கிறது. அதை முற்றிலும் அகற்ற முயன்றால் மூச்சும் உடன் போய்விடும். எஞ்சுவது மொழுமொழுவென்ற, உயிரற்ற ஒலி.

ஹாக்கின்ஸ் 1939 அக்டோபர் 11 அன்று நியூயார்க்கில் பதிவுசெய்த ‘பாடி அண்ட் சோல்’ இதற்கு நல்ல சோதனை. சுமார் மூன்று நிமிடம் ஓடும் இப்பதிவில், தொடக்கத்தில் மட்டும் மூல மெட்டைத் தொட்டுவிட்டு, எஞ்சிய பகுதி முழுவதையும் அவர் மனோதர்மமாகவே வாசிக்கிறார். மென்மையாகத் தொடங்கும் ஒலி படிப்படியாகத் தடித்து உரத்துச் செல்வதே இவ்வாசிப்பின் கட்டமைப்பு. இரைச்சலை அளவுக்கு மீறி வடிகட்டிய பதிப்பில் இந்த வளர்ச்சி மங்கிவிடும். சிறிது இரைச்சலை விட்டுவைத்த பதிப்பே இங்கு நேர்மையானது.

பயனுள்ள திருத்தம்

சீரமைப்பே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தொகுப்பில் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும் சாக்சபோன் வாசித்தனர். 1959 மார்ச் 2 அன்று நடந்த முதல் அமர்வில், முதன்மை நாடா சுழன்ற இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. மெதுவாகப் பதிந்த நாடாவை உரிய வேகத்தில் ஓட்டினால் இசை விரைவாகும், சுருதியும் ஏறும். இதனால் தட்டின் முதல் பக்கத்திலுள்ள மூன்று உருப்படிகளும் சுருதி சற்று உயர்ந்தே வெளிவந்தன. அந்தத் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் தங்கள் கருவியின் சுருதியையும் சற்று ஏற்ற வேண்டியிருந்தது.

அதே அமர்வில் மற்றோர் இயந்திரம் சரியான வேகத்தில் பதிந்த காப்பு நாடா இருந்தது. அதைக் கொண்டு 1992-இல் பிழை திருத்தப்பட்டது. 33 ஆண்டுகள் பழைய தட்டைக் கேட்டுப் பழகிய காதுக்குத் திருத்திய பதிப்பு சற்று மந்தமாகத் தோன்றலாம். ஆயினும் கோல்ட்ரேன் அன்று வாசித்த சுருதி அதுவே. இத்திருத்தம் இசையில் அழகு எதையும் கூட்டவில்லை. பிழையை மட்டுமே நீக்கியது. சீரமைப்பின் சிறந்த முன்மாதிரியாக இதைக் கொள்ளலாம்.

மூலத்தின் முதன்மை

எந்த மென்பொருளும் நல்ல மூலத்துக்கு ஈடாகாது. கோல்ட்ரேன் குழுவினர் 1963 மார்ச் 6 அன்று ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்த இசை, 2018-இல்தான் ‘போத் டைரக்ஷன்ஸ் அட் ஒன்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்தது. முதன்மை நாடா கிடைக்காத நிலையில், கோல்ட்ரேன் தாமே கேட்டுப் பார்க்க வீட்டுக்கு எடுத்துச் சென்ற மோனோ நாடாவே மூலமாயிற்று. அந்த நாடாவை அவருடைய முதல் மனைவி நைமாவின் குடும்பத்தினர் பாதுகாத்து வைத்திருந்தனர்.

பதிவுசெய்த பொறியாளரே சீரமைத்தால் சிக்கல் தீருமா? ‘ப்ளூ நோட்’ நிறுவனத்துக்காக 1950களிலும் 60களிலும் தாம் பதிந்த இசையை, வான் கெல்டர் (1924–2016) தம் எழுபதுகளில் மீண்டும் சீரமைத்தார். ஒலிப்பதிவின்போது உடனிருந்தவர் என்பதால் அவர் கேட்டதே சரியென்பர் ஒரு சாரார். ஒலி உரத்துவிட்டது, மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலான வேறுபாடு குறுகிவிட்டது என்பர் மற்றொரு சாரார். உடனிருந்தவர் என்ற தகுதி மதிக்கத்தக்கதே. ஆனால் பல பத்தாண்டுகளில் ஒருவரின் ரசனையும் மாறும். பிற்கால ரசனை பழைய நாடாவுக்குச் சான்றாகாது.

மதிப்பீடு

ஒரே பதிவின் இரு பதிப்புகளை ஒப்பிடும் மாணவர்கள் முதலில் இரண்டின் ஒலியளவையும் சமமாக வைத்துக்கொள்ள வேண்டும். உரத்து ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றுவது காதின் இயல்பு. பிறகு மூன்றைக் கவனிக்கலாம்: சுரம் முடியும் இடத்தில் மூச்சு கேட்கிறதா, மெல்லிய பகுதி மெல்லியதாகவே இருக்கிறதா, சுருதி சரியாக இருக்கிறதா. பின்னணி அமைதியாக இருக்கிறதா என்ற கேள்வி இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும். மூச்சை இழந்து பெற்ற அமைதி, சாக்சபோன் இசைக்கு இழப்பே.