பவர் சப்ளை கேபிள்கள்: தோட்டத்து வீட்டுக் கணினிக்கு எந்த வகை?

டெஸ்க்டொப் கணினியின் பவர் சப்ளை, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஆடலோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேரோட்டங்களாக மாற்றிக் கேபிள்கள் வழியே பகிர்ந்து கொடுக்கிறது. வாங்குபவர்கள் வாட் கணக்கையும் விலையையும் கவனிக்கும் அளவுக்குக் கேபிள்களைக் கவனிப்பதில்லை. ஆனால் முதன்முதலாகக் கணினி பூட்டுகிறவரின் தவறுகளில் செலவு மிக்கவை கேபிள்களில்தான் நடக்கின்றன. பதுளை மாவட்டத் தோட்டங்களில் அந்தத் தவறின் விலை இன்னும் கூடுதல். பசறையிலோ லுணுகலையிலோ ஒரு தாய்ப்பலகை எரிந்துபோனால், அதே மாதிரி இன்னொன்று பதுளை நகரில் கிடைக்காதபோது கொழும்பு பம்பலப்பிட்டியின் யூனிட்டி பிளாசாவரை போக வேண்டியிருக்கும். கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயில் பாதையே சுமார் 290 கிலோமீற்றர்.

சந்தையில் உள்ளவை முக்கியமாக இரண்டு வகை. கேபிள்கள் பவர் சப்ளைப் பெட்டிக்குள்ளேயே நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டவை ஒன்று; 550 வாட், 80 பிளஸ் ப்ரொன்ஸ் தரத்திலான கோர்சேர் சிஎக்ஸ்550 இதற்கு உதாரணம். தேவையான கேபிளை மட்டும் பெட்டியில் செருகிக்கொள்ளும் மாடுலர் வகை மற்றது. இரண்டுக்கும் நடுவே, பிரதான கேபிள்கள் நிரந்தரமாகவும் மற்றவை கழற்றக்கூடியதாகவும் உள்ள அரை மாடுலரும் உண்டு.

பூட்டும் வரிசையில் முதலில் கவனிக்க வேண்டியது ப்ரொசெசருக்கான 12 வோல்ட் கேபிள். இதன் இடம் பெரும்பாலும் தாய்ப்பலகையின் மேல் இடது மூலை. எல்லாவற்றையும் பூட்டிய பிறகு அந்த மூலைக்குள் விரல் போகாது. ஆகவே தாய்ப்பலகையைக் கேசிங்கில் திருகும்போதே இந்தக் கேபிளைப் பின்புறமாக மேலே கொண்டுவந்து செருகிவிடுவது நல்லது. 4+4 எனப் பிரியும் இந்த எட்டு முள் இணைப்பியை மறந்துவிட்டால் விசிறி சுழலும், விளக்கு எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. புதிதாகப் பூட்டிய கணினி இப்படி நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது 24 முள் பிரதான இணைப்பி. இது 20+4 எனப் பிரிவதால், சிறிய நான்கு முள் துண்டை முதலில் பெரியதோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். செருகுவதற்குப் பலம் தேவைப்படும். பலகை வளையாமலிருக்க ஒரு கை அதன் விளிம்பைத் தாங்கட்டும். கொக்கி 'டக்' என்று விழும்வரை அழுத்தாவிட்டால் வேலை முடிந்ததாகாது. பாதி செருகிய இணைப்பி முதல் நாள் வேலை செய்யும், பிறகு சூடேறும்.

கிராபிக்ஸ் கார்டுக்கான கேபிளில்தான் குழப்பம் அதிகம். அதுவும் எட்டு முள்தான், ஆனால் 6+2 எனப் பிரியும். ப்ரொசெசர் கேபிளில் 12 வோல்ட் இருக்கும் வரிசையில் இதில் கிரவுண்ட் இருக்கிறது. முள்களின் வடிவம் வேறு என்பதால் சாதாரணமாக ஒன்றின் இடத்தில் மற்றது போகாது. பலவந்தப்படுத்தினால் போய்விடும், அதோடு கார்டும் போய்விடும். ஆறு முள் 75 வாட்டுக்கும் எட்டு முள் 150 வாட்டுக்கும் கணக்கிடப்பட்டவை. 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டோடு பரவலான 16 முள் இணைப்பி 600 வாட்வரை தாங்க வேண்டியது. அது முழுமையாக உட்காராத இடங்களில் உருகிய செய்திகள் உலகமெங்கும் வந்தன, மறு ஆண்டு வடிவமே திருத்தப்பட்டது. உயர்தரத்துக்குப் படிக்கும் பிள்ளைக்காகப் பூட்டப்படும் கணினிக்கு இத்தகைய கார்டு தேவையே இல்லை. கார்டு இல்லாத சாதாரணக் கணினி முழு வேலையிலும் 100 வாட் அளவுதான் எடுக்கும்.

ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி ஆகியவற்றுக்கான சாட்டா கேபிள் எல் வடிவ வாய் கொண்டது, எளிதில் செருகலாம். பழைய நான்கு முள் மொலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான அச்சு வார்ப்பு அடப்டர்கள் உள்ளே குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிப்பதற்குப் பேர்போனவை. அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மாடுலர் வகையின் பெரிய குறை கேபிளின் மறுமுனையில்தான் இருக்கிறது. சாதனப் பக்கத்து இணைப்பிகளுக்கு ஏடிஎக்ஸ் தரநிலை உண்டு. பவர் சப்ளைப் பக்கத்து துவாரங்களுக்கு அப்படி ஒரு பொது ஒழுங்கு இல்லை, ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கிடையிலும் மாறலாம். கேபிள் தொலைந்தோ அறுந்தோ போய், வேறொரு பெட்டியின் கேபிளைச் செருகினால் அது அழகாகப் பொருந்தும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க் அப்படியே செத்துவிடும். சரியான மாற்றுக் கேபிள் எளிதில் கிடைக்கும் நகரத்தில் மாடுலர் வசதிதான். பலர் கைமாறி, அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போகும் தோட்டத்துக் கணினியில் அது ஆபத்து. நிரந்தரக் கேபிள் உள்ள பெட்டியில் இந்தத் தவறுக்கு வழியே இல்லை. மிஞ்சும் கேபிள்களைச் சுருட்டிக் கட்டி வைப்பது மட்டுமே அதில் உள்ள தொல்லை.

பாவித்த கணினிகளை வாங்குவோர் வேறு இரண்டைப் பார்க்க வேண்டும். சில டெல், ஹெச்பி அலுவலகக் கணினிகளில் 24 முள் இணைப்பிக்குப் பதில் அந்நிறுவனங்களின் சொந்த வடிவம் இருக்கும். சாதாரணப் பவர் சப்ளையை அதில் நேரடியாகப் பூட்ட முடியாது. பழைய பெட்டிகள் சிலவற்றின் பின்புறம் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் இருக்கும். அது 115இல் கிடக்க இலங்கை மின்சாரம் கொடுத்தால் பெட்டி வெடித்துப்போகும்.

சுவர்ப் பக்கமும் கணினியின் பாகம்தான். மூன்று முள் பிளக்கின் எர்த் வெறும் அலங்காரமாக இருக்கும் பழைய வயரிங் லயங்களில் உண்டு. எர்த் இல்லாத இடத்தில் பவர் சப்ளையின் வடிகட்டும் கொண்டென்சர்கள் வழியே கேசிங்கில் ஏறத்தாழ 115 வோல்ட் மிதக்கும்; தகரத்தைத் தொட்டால் சுருக்கென்று இருப்பது அதனால்தான். மின்பணியாளரைக் கொண்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் சோதித்த பிறகே கணினியை இணைக்க வேண்டும். அந்தச் செலவை பவர் சப்ளையின் விலையோடு சேர்த்தே கணக்கிடுவது நியாயம்.

மரக்கிளை உரசிக் கரண்ட் கண்சிமிட்டுவது மலைப்பகுதியில் அடிக்கடி நடப்பது. மின்சாரம் அறுந்தபின் தரமான பவர் சப்ளை தாக்குப்பிடிப்பது 16 மில்லி விநாடி அளவு, அதாவது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுழற்சிகூட இல்லை. அதற்கு மேல் யூபிஎஸ்தான் துணை. 650 விஏ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் 360 வாட் கொடுக்கும். கார்டு இல்லாத கணினிக்குத் தாராளம். ஆனால் ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களின் பின்னேர இடிமின்னலுக்கு யூபிஎஸ்ஸை நம்பக்கூடாது. வானம் இருட்டினால் பிளக்கையும் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளையும் கழற்றிவிட வேண்டும்.

கேபிளில் கைவைக்கும் எந்த வேளையிலும் சுவர்ப் பிளக் கழன்றிருக்க வேண்டும். கணினி நிறுத்தப்பட்டிருந்தாலும் ஊதா வயரில் 5 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். தாய்ப்பலகையின் சிறு விளக்கு அணைந்த பிறகே அடுத்த வேலை. பவர் சப்ளையின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது, உள்ளே உள்ள கொண்டென்சர் பிளக் கழன்ற பின்னும் ஆளைக் கொல்லக்கூடியது.

ஊவாவின் தோட்டத்து வீட்டில் முதல் கணினி பூட்டுகிறவருக்கு நிரந்தரக் கேபிள் கொண்ட, 450 முதல் 550 வாட் வரையான, பெயருள்ள நிறுவனத்தின் பவர் சப்ளையே பொருத்தம். மாடுலர் வாங்கினால், அதன் கேபிள்களை அதே பெட்டியின் மாடல் பெயர் எழுதிய பையில் போட்டு வைக்கவும்.