சேற்றில் இறங்கும் தெய்வம்: ‘சகுனா’ ஜப்பானியக் காணொளி விளையாட்டும் காவிரிப் படுகை நெல் வேளாண்மையும்

ஆய்வுச்சுருக்கம்

நெல் சாகுபடியை மையமாகக் கொண்டு 2020 நவம்பரில் வெளிவந்த ‘சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ருயின்’ என்னும் ஜப்பானியப் பாத்திரமேற்பு விளையாட்டை, தஞ்சை வட்டார வேளாண் அறிவையும் பள்ளு இலக்கிய மரபையும் துணையாகக் கொண்டு இக்கட்டுரை அணுகுகிறது. முதல்முறை ஆடியபோது தோன்றிய கருத்துகளே இங்கு ஆய்வுக்கு உட்படுத்தப்படுகின்றன. உழைப்பவரே உண்பவர் என்னும் ஆட்டவிதியின்மீது இவ்விளையாட்டு எழுப்பப்பட்டுள்ளது என்பதும், நீர்ப்பங்கீடும் கூலியும் அவ்விதிக்கு வெளியே நிற்கின்றன என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, சகுனா, காவிரிப் படுகை, நெல், பள்ளு இலக்கியம், உழைப்பு.

முன்னுரை

காணொளி விளையாட்டைப் பனுவலாகக் கொண்டு வாசிக்கும் முயற்சி தமிழாய்வில் இன்னும் அரிதாகவே உள்ளது. ஒரு விளையாட்டு தன் கருத்தைக் கதையால் மட்டுமன்றி, ஆடுபவரை எதைச் செய்ய வைக்கிறது, எதைத் தடுக்கிறது என்னும் விதிகளாலும் உரைக்கிறது. இயன் போகோஸ்ட் 2007இல் வெளியிட்ட நூலில் இதனை ஒரு வாதமுறையாகவே விளக்கினார். அவ்வகையில், நெல்லைப் பற்றிய ஒரு விளையாட்டு நெல்லைப் பற்றி எதை வாதிடுகிறது என்பது நெல் விளையும் நிலத்தார் கேட்க வேண்டிய வினாவாகும்.

‘எடெல்வைஸ்’ என்னும் சிறு குழு உருவாக்கிய இவ்விளையாட்டின் ஜப்பானியப் பெயர் ‘தென்சுயி நோ சகுனாஹிமே’. இக்கட்டுரையாளர் விளையாட்டுக் காலக்கணக்கில் மூன்று ஆண்டுகள் ஆடிய அளவிலேயே இவ்வாய்வு அமைகிறது. ஒரு பருவத்திற்கு மூன்று நாள், ஓராண்டிற்குப் பன்னிரண்டு நாள் என்பது அதன் கணக்கு. கதையின் முழுமையைப் பற்றிய மதிப்பீடு இங்கு நோக்கமன்று.

கதையும் களமும்

போர்க்கடவுளுக்கும் விளைச்சல் தெய்வத்திற்கும் பிறந்த சகுனா, பெற்றோரின் பெருமையில் உழைப்பின்றி வாழ்பவள். தேவருலகிற்குள் வழிதவறி வந்த மனிதர்களோடு நேர்ந்த பூசலில், காணிக்கை நெல் இருந்த களஞ்சியம் தீக்கிரையாகிறது. அதற்குத் தண்டனையாக அம்மனிதர்களுடன் அரக்கர் வாழும் ஹினோயே தீவிற்கு அவள் அனுப்பப்படுகிறாள். பகலில் காட்டில் அரக்கரோடு போர், ஊர் திரும்பினால் வயலில் வேலை, இரவில் அடுப்பைச் சுற்றி அனைவரும் அமர்ந்து உண்ணுதல் என ஆட்டம் சுழல்கிறது. அறுவடை முடிந்ததும் விளைச்சலின் அளவு, சுவை, மணம், பசைத்தன்மை முதலியன கணக்கிடப்பட்டு, அவற்றிற்கேற்ப அவளது வலிமை கூடுகிறது.

இதில் பசைத்தன்மை ஒரு நற்பண்பாக எண்ணப்படுவது தஞ்சை வட்டார வாசகருக்கு முதல் வியப்பைத் தரும். பருக்கை பருக்கையாக உதிரும் புழுங்கலரிசிச் சோற்றையே நல்ல சோறெனக் கொள்ளும் நாவிற்கு இது நேர்மாறான அளவுகோல். சுவை பற்றிய பண்பாட்டுத் தேர்வும் விளையாட்டின் கணக்கீட்டிற்குள் விதியாக அமைந்துவிடுகிறது என்பதற்கு இது சான்று.

கை அறிந்த வேலை

உழுதல், விதைநெல் தேர்தல், நாற்று விடுதல், நடவு, களையெடுப்பு, நீர் நிறுத்தல், அறுவடை, உலர்த்தல், கதிரிலிருந்து மணி பிரித்தல், உமி நீக்கல் என ஒவ்வொரு படியையும் ஆடுபவரே செய்ய வேண்டும். பதரை நீக்க விதைநெல்லை உப்பு நீரில் இடுவது நம் உழவர்க்குப் புதிதன்று. பயிர் தூர்கட்டிய பின் வயலைக் காயவிட்டு மீண்டும் நீர் வைக்கும் முறையைப் படுகை உழவர் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று ஒரே தொடரில் சொல்லிவிடுவர். இத்துல்லியத்தால், ஜப்பானிய ஆட்டக்காரர்கள் அந்நாட்டு வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தையே ஆட்டக் கையேடாகக் கொண்டனர் என்பது அப்போது செய்தியானது.

நடவுக் காட்சி தனிக் கவனத்திற்குரியது. சகுனா பின்னோக்கி நடந்துகொண்டே நாற்றை ஊன்றுகிறாள். தொடக்கத்தில் இடைவெளியைக் காட்டும் கோடு எதுவும் இல்லை. நெருக்கி நட்டாலும் கலக்க நட்டாலும் விளைச்சலில் அது தெரியும். முதல் நடவில் இக்கட்டுரையாளரின் வரிசை கோணிற்று. வயலின் ஒரு மூலை நிரம்பவே இல்லை. பல ஆண்டு பழகிய பின்னரே அவள் கை தேர்ச்சி பெறுகிறது. நடவை ‘திறன் வேண்டாத கூலி வேலை’ என வகைப்படுத்தும் வழக்கத்தை இவ்விதி மறுக்கிறது. வயலில் இறங்காதவருக்கும் அத்திறனின் அருமையை உணர்த்துவதே இவ்விளையாட்டின் தலையாய சாதனை.

வரிசை நடவு தஞ்சைக்கும் ஜப்பானுக்குமான பழைய தொடர்பையும் நினைவூட்டுகிறது. 1950களில் ‘ஜப்பானிய முறை நெல் சாகுபடி’ என்னும் பெயரில் குறைந்த விதை, மேட்டு நாற்றங்கால், வரிசை நடவு ஆகியவை இந்தியா முழுவதும் பரப்பப்பட்டன. 1960களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஆடுதுறை 27, இண்டிகா, ஜப்பானிகா இனங்களின் கலப்பில் பிறந்த குறுகிய காலக் குறுவை இரகம். ஆகவே ஜப்பானிய நெல் இம்மண்ணுக்கு அயலானதன்று. முன்பு விதையாகவும் முறையாகவும் வந்தது, இப்போது விளையாட்டாக வந்துள்ளது.

பள்ளு இலக்கியமும் ஆட்டவிதியும்

சாகுபடியின் படிமுறையையே கதைப்போக்காக்கிச் சுவைதரும் வடிவம் தமிழுக்குப் புதிதன்று. மழை, வெள்ளம், விதை வகை, உழவு, நடவு, அறுவடை என விரியும் பள்ளு இலக்கியம் அத்தகையது. படுகையிலும் திருவாரூர்ப் பள்ளு எழுந்தது. நெல்வகைகளை அடுக்கிச் சொல்லும் பள்ளின் பட்டியலும், பண்புகளை எண்ணால் அளக்கும் விளையாட்டின் கணக்கும் ஒரே ஆர்வத்தின் இரு வடிவங்கள் எனலாம்.

வேறுபாடு அதிகார அமைப்பில் உள்ளது. பள்ளில் பண்ணைக்காரன் கணக்குக் கேட்கிறான். பள்ளன் தொழுவில் மாட்டப்படுகிறான். உழுபவன் வேறு, விளைச்சலுக்கு உரியவன் வேறு என்பது நகைச்சுவைக்கு நடுவிலும் மறைவதில்லை. சகுனாவிலோ உயர்குடித் தெய்வமே சேற்றில் இறங்குகிறாள். தான் விளைத்ததைத் தானே உண்டு, உடனிருப்போருடன் பகிர்ந்து, வலிமை பெறுகிறாள். தொல்காப்பியம் மருதத்திற்கு வேந்தனைத் தெய்வமாக்கியது. அத்தெய்வம் நாற்று முடியைக் கையில் எடுப்பதைத் தமிழ் மரபு கற்பனை செய்யவில்லை.

ஆட்டவிதியில் இல்லாதவை

முதலாவது, நீர்ப்பங்கீடு. சகுனாவின் வயலுக்கு நீரைத் திறப்பதும் அடைப்பதும் ஆடுபவர் கையில் உள்ளது. மேல்மடைக்காரர் இல்லை, கடைமடைக்காரரும் இல்லை. காவிரிப் படுகையில் நெல் என்பதே பிறரோடு பங்கிட்ட நீர். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படுமா என்பதைப் பொறுத்தே குறுவை அமைகிறது. தமிழகத்திற்குத் திறந்துவிடப்பட வேண்டிய நீரின் அளவை ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என உச்ச நீதிமன்றம் 2018இல் வரையறுத்தது. இங்கு உழவரின் திறன் எத்துணை இருப்பினும், வாய்க்காலில் நீர் வராத ஆண்டில் அதற்குப் பயனில்லை. திறனும் பலனும் நேர்க்கோட்டில் இணையும் ஆட்டவிதி இந்நிச்சயமின்மையை அறியாது.

இரண்டாவது, கூலி. சகுனா தனியொருத்தியாக நடுகிறாள். படுகையில் நடவு பெண்கள் கூட்டமாகச் செய்த வேலை. களத்துமேட்டில் மரக்காலால் அளந்து பெற்றதே அவர்கள் பங்கு. அவ்வளவையே சட்டம் கொண்டு காக்க வேண்டியிருந்தது என்பதற்கு 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் சான்று. கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். இவ்வரலாற்றை அறிந்து ஆடுபவருக்கு, உழைத்தவளுக்கே முழு விளைச்சலும் சேரும் அறுவடைக் காட்சி எளிய மகிழ்ச்சியாக மட்டும் தோன்றாது. அது நம் நிலத்தில் கேட்கப்பட்டு மறுக்கப்பட்ட ஓர் உரிமையின் உருவமாகவும் தோன்றும்.

இதனை விளையாட்டின் குறையெனக் கொள்வது பொருந்தாது. இயந்திரம் நட்டு இயந்திரம் அறுக்கும் ஜப்பானில், மறைந்த கைவேலையை நினைவில் மீட்பதே அதன் நோக்கம். எனினும் கூலியாளும் நிலவுடைமையும் நீங்கிய பின்னரே அந்நினைவு இனிமையாகிறது என்பதை ஆய்வு சுட்டத்தான் வேண்டும்.

முடிவுரை

சகுனா நடவின் நுட்பத்தை ஆடுபவரின் கைக்கு உணர்த்துகிறது. உழைப்பையும் உணவையும் ஒருவரிடமே சேர்க்கிறது. நீரையும் கூலியையும் விலக்கியே இதனை இயலச் செய்கிறது. படுகையிலும் இன்று நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் கைவேலையின் இடத்தைப் பிடித்துவருகின்றன. அவ்வேலையின் அறிவை நாளை ஒரு தமிழ் விளையாட்டு பதிவு செய்யக்கூடும். அதன் ஆட்டவிதியில் மடைத் தகராறும் மரக்கால் கணக்கும் இடம்பெற்றால்தான் அது காவிரியின் நெல்லைப் பற்றியதாகும்.