அட்டையில் இருந்த பெயர்

புனைபெயரில் நானும் எழுதியவன்தான். ஆனால் பத்திராதிபருக்கு என் விலாசம் தெரியும். 2018 பெப்ரவரியில், அம்பாறைச் சாப்பாட்டுக் கடையொன்றில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற கதையை முகநூலில் ஊர் பேர் இல்லாமல் பரப்பினவர்களிடம் யார் விலாசம் கேட்டது? ஆய்வில் அது வெறும் மா. அதற்குள் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கியாயிற்று. அடுத்த மாதம் திகன.

2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது நம்மவர் சிலர், "நல்லந்தானே, இனியாவது பயப்படுவானுகள்" என்றார்கள். அந்த ஆதங்கம் எனக்கும் விளங்கும். பொறுப்புக்கூறல் வேண்டும்தான், அதை நீதிமன்றம் கேட்கட்டும். எது பொய் என்று சொல்ல ஐவர் ஆணைக்குழு எதற்கு?

'நவரசம்' கவிதைகளுக்காக அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் கைதாகி, ஒன்றரை வருசத்துக்கு மேல் உள்ளே இருந்தார். குற்றமற்றவரென விடுதலையானது 2023 டிசம்பரில். அவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. பெயர் நூலின் அட்டையிலேயே இருந்தது.